ஒரு பிடி பச்சை வேர்

ரங்கம்மாளின் வலது உள்ளங்கை எப்போதும் சிவந்தே இருக்கும். மருதாணிச் சிவப்பு இல்லை அது. சாயவேரை முறித்து, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பில் ஒரு துளி தொட்டு, உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததில் ஊறிப்போன சிவப்பு. வேரின் மஞ்சள் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாக எழும். எழுகிற வேகத்தையும் நிற்கிற அழுத்தத்தையும் பார்த்தே, இது கரையோரத்து வேரா நடுத்திட்டு வேரா, இளசா முதிர்ந்ததா என்று சொல்லிவிடுவாள். குப்பத்தில் அவள் கை சிவந்தால் அது நல்ல வேர். அதற்குமேல் பேச்சில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடந்த மணல்திட்டில் அந்தக் குப்பம் இருந்தது. ஏரிக்கு அக்கரையில் ஊர். ஊரில் ஒல்லாந்தருடைய கோட்டை. கோட்டைக்குப் போகிற துணிகளுக்குச் சிவப்பு ஏற்றும் சாயக்காரர்கள் ஊரைச் சுற்றிலும் தொட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய வேர் இந்த மணலில் யாரும் விதைக்காமலே முளைத்தது. குப்பத்து ஆண்கள் வலைக்கும் தோணிக்கும் போனார்கள். பெண்கள் வேர் எடுத்தார்கள்.

செடியைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தரையோடு படர்ந்து கிடக்கும். அரிசி நொய் போல வெள்ளைப் பூ. வேர்தான் ஆழம். துடைப்பக் குச்சி மாதிரி மெலிந்து, முழங்கை நீளத்துக்கு நேராக மணலுக்குள் இறங்கியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் அறுந்து, நல்ல பாதி மண்ணோடு நின்றுவிடும். அதனால் இரும்புப் பூண் போட்ட ஒரு குத்துக்கோலால் பக்கத்து மணலை நெகிழ்த்தி, வேருக்கு வலிக்காமல் எடுப்பது போல எடுப்பார்கள்.

எடுப்பதற்கு ஒரு காலம் உண்டு. தையில் பூக்கும். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ விதை கட்டி உதிரும். உதிர்ந்த பிறகுதான் குப்பத்தில் கோல் எடுப்பார்கள். திட்டின் நடுவிலிருந்த கங்கையம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, முதல்கோல்காரி ஒருத்தி அம்மன் முன்னால் மணலில் கோலை இறக்குவாள். அதன் பின்பு மற்றவர்கள். எடுத்த செடியை அந்தக் குழிக்கு மேலேயே தட்டி, ஒட்டியிருக்கும் விதையை உதிர்த்து, காலால் மணலை மூடிவிட்டு நகர வேண்டும். அப்படிச் செய்தால் மணல் மறுபடி கொடுக்கும்.

அந்தக் காலத்தில் முதல்கோல் ரங்கம்மாளிடம் இருந்தது. மாமியாருக்குப் பிறகு அவளிடம் வந்தது. அதைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் கோலின் பூணைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அந்த வருஷம் தைப்பொங்கல் கழிந்த கையோடு பொன்னுரங்கம் தோணியில் வந்து இறங்கினான். ஊரில் ஒரு துணி வியாபாரிக்கு வேர் சேர்த்துக் கொடுக்கிற ஆள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தவன், வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

“இன்னா ரங்கம்மா, பொங்கலு வெச்சாச்சு. கோல எடுக்க வேண்டியதுதானே?”

“பூ நிக்குது ஐயா. வெதை உதிரட்டும்.”

“பூவ யாரு கேட்டா? எனக்கு வேரு வேணும். கப்பலு வந்துகினு இருக்குது. உன் பூவுக்காக கப்பலு நிக்குமா?”

“கப்பலுக்காக பூ உதிருமா ஐயா?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களில் எல்லம்மாவின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. எல்லம்மா ரங்கம்மாளுக்கு ஓரகத்தி, கொழுந்தனின் பெண்டாட்டி. ரங்கம்மாளுக்கு முதல்கோல் வந்தபோது, தன் கைக்கு வந்திருக்க வேண்டியது என்று நினைத்தவள். அதை நினைத்ததோடு விடாமல் அவ்வப்போது சொல்லவும் செய்வாள்.

“எங்க அக்கா பேசினா கப்பலே கவுந்துடும் ஐயா. நீங்க எதுக்கும் கரையோரமாவே நில்லுங்க” என்றாள்.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. “தெக்குத் திட்டுக்காரங்க போன தடவ தையிலயே எடுத்துக் குடுத்தாங்க. அவங்களுக்கு இல்லாத சாமி உங்களுக்குத்தான் இருக்குதா?”

“குடுத்தாங்க” என்றாள் ரங்கம்மாள். “இப்ப அங்க போய்ப் பாருங்க. ராவணன் மீசையத் தவிர ஒண்ணும் இல்ல.”

அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். விதை விழாமல் தோண்டிய தெற்குத் திட்டில் இப்போது முள்ளுருண்டையாகக் காற்றில் உருளும் ராவணன் மீசைப் புல் மட்டும் கிடந்தது. அந்தத் திட்டுப் பெண்கள் இந்தப் பக்கம் கருவாடு கேட்டு வந்துபோனார்கள்.

அன்று சாயங்காலம் ரங்கம்மாள் பெண்களையெல்லாம் அம்மன் முன்னால் கூட்டினாள். விதை உதிர்கிற வரை யாரும் மணலில் கோல் வைப்பதில்லை என்று கற்பூரம் ஏற்றிச் சொன்னார்கள். முதலில் கை நீட்டிச் சொன்னவள் ரங்கம்மாள். பொன்னுரங்கம் தோணியில் திரும்பிப் போனான். போகும்போது, “யாராவது ஒருத்தி ஆரம்பிச்சா போதும், மத்தவங்க தானா வருவீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனைத் தோணியில் ஏற்றி அக்கரையில் விட்டவன் ரங்கம்மாளின் புருஷன் சிங்காரம். ஏரியில் ஆளையும் வேர்க்கட்டையும் ஏற்றி இறக்குவதுதான் அவன் தொழில். முகத்துவாரத்துக் குளிர்காற்றில் நாளெல்லாம் நின்று கழி ஊன்றுகிறவன். மார்கழியிலிருந்து அவனுக்கு இருமல். பனிக்கு வந்த இருமல், வெயில் ஏறினால் போகும் என்று இருவரும் நினைத்தார்கள். போகவில்லை. ஒருநாள் அவன் துப்பிய இடத்தில் மணல் சிவந்திருந்ததை ரங்கம்மாள் பார்த்தாள்.

வெற்றிலைச் சாறு என்றான். வெற்றிலைச் சாறும் சிவப்புதான். ஆனாலும் அவள் மனது ஒப்பவில்லை.

சாயவேருக்கு வைத்தியர்கள் இம்பூறல் என்று பேர் சொல்வார்கள், ரத்தம் கக்குகிறவனுக்கு அது மருந்து என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கொடுப்பது என்று மட்டும் சரியாக யாருக்கும் தெரியாது. ரங்கம்மாள் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். சாயத்துக்கு எது உயர்த்தியோ அதுதான் நோவுக்கும் உயர்த்தியாக இருக்க வேண்டும். சாயத்துக்குப் பழைய வேர்தான் உயர்த்தி. வெயிலில் நன்றாக முறுகி, ஒரு வருஷமாவது கட்டாகக் கிடந்து பழுத்தால்தான் அதன் சிவப்பு துணியைப் பிடித்து நிற்கும். அப்படிப்பட்ட கட்டு ஒன்று அவள் வீட்டுப் பரணில் இருந்தது. ஆடியில் கங்கையம்மனுக்குச் சாத்துகிற சிவப்புச் சேலைக்காக, எடுத்த வேரிலெல்லாம் பொறுக்கி ஒதுக்கி வைத்தது.

அம்மனிடம் போய், “உன்னுதுதான் தாயே, எடுத்துக்கறேன், ஆடிக்கு வேற பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்து கட்டைப் பிரித்தாள். இடித்தாள், கொதிக்க வைத்தாள், காலையும் மாலையும் கொடுத்தாள். சிங்காரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான்.

அதன் பிறகு அவன் துப்புவதெல்லாம் சிவப்பாகவே இருந்தது.

“சாயம்தான்டி” என்றான். “இத்தினி நாளா துணிக்குக் குடுத்ததை எனக்குக் குடுத்தா நான் இன்னா வெள்ளையாவா துப்புவேன்? இன்னும் ஒரு வாரம் குடுத்தியானா என்னையே மடிச்சி கோட்டைக்கு அனுப்பிடலாம்.”

அவள் சிரித்துவிட்டாள். அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. வேர்ச்சாறும், அவன் வாயிலிருக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கத்தானே செய்யும். இப்படியே சில நாட்கள் போயின. அவன் தேறுவதாக அவள் நினைத்துக்கொண்டாள். அவனும் அப்படி நினைக்கவே விட்டான்.

ஆனால் சிவப்பு அவளுடைய தொழில். ஒருநாள் பழைய வேட்டியில் இரண்டு துண்டு கிழித்தாள். ஒன்றை வேர்ச்சாற்றில் சுண்ணாம்பு கலந்து நனைத்தாள். இன்னொன்றால் அவன் துப்பியதைத் தொட்டு எடுத்தாள். இரண்டையும் கூரைமேல் வெயிலில் போட்டுவிட்டு வலை வேலைக்குப் போனாள். உச்சிப்பொழுதுக்கு வந்து பார்த்தபோது, சாறு நனைத்த துண்டு சிவப்பாகவே இருந்தது. மற்றது பழுப்பேறிக் கறுத்துக் கிடந்தது.

அதைக் கொண்டுபோய் அவன் எதிரில் வைத்தாள். சிங்காரம் கறுத்த துண்டைக் கையில் எடுத்தான்.

“உன்கிட்ட போய் செவப்ப மறைக்கப் பாத்தேனே, எனக்குப் புத்தி எங்க போச்சு?” என்றான்.

மறுநாள் காலையில் இருவரும் அக்கரைக்குக் கிளம்பினார்கள். அவனேதான் தோணி தள்ளினான். பாதி ஏரியில் மூச்சு வாங்கியது. அவள் எழுந்து கழியை வாங்கிக்கொண்டாள். ஆழமில்லாத பக்கம் பூநாரைகள் கூட்டமாக நின்று தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. தோணி கிட்டே போனதும் சிறிது தள்ளி நடந்து, மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டன.

ஊரில் மரைக்காயர் தெருவில் கௌஸ் மைதீன் மரைக்காயர் வைத்தியம் பார்த்தார். கப்பல் வியாபாரக் குடும்பம்; அவர் மட்டும் மருந்து உரலோடு உட்கார்ந்துவிட்டவர். சிங்காரத்தின் முதுகில் காது வைத்துக் கேட்டார். நாக்கைப் பார்த்தார். ரங்கம்மாள் மடியிலிருந்து எடுத்து நீட்டிய வேரையும் முறித்து மோந்து பார்த்தார்.

“அருமையான வேரும்மா. சேலைக்கு. நெஞ்சுக்கு இல்ல.”

“பழுத்த வேரு மரைக்காரே. அம்மனுக்குன்னு வெச்சிருந்தது. இதைவிட ஒசத்தி எங்க திட்டுல இல்ல.”

“அதான் தப்பு. பழுக்கப் பழுக்கச் சாயம் ஏறும், மருந்து எறங்கும். வெதை கட்டிட்டாலே வேருல இருக்கிற குணத்துல பாதி மேல ஏறிப் போயிடும். மீதியை நீங்க வெயில்ல போட்டுக் கொல்றீங்க. ரத்தத்துக்கு வேணும்னா பூ நிக்கறப்ப எடுக்கணும். எடுத்ததும் தண்ணி காட்டக் கூடாது. காஞ்ச துணியால மணலத் தொடைச்சி, வீட்டுக்குள்ள நெழல்ல ஒருநாள் வாட விட்டு, தட்டி நடு நார உருவி எறிஞ்சிட்டு, மேல் தோல மட்டும் மண்சட்டியில போட்டு சுண்டக் காய்ச்சணும். ஆட்டுப் பாலு சேத்து வெறும் வயித்துல குடுக்கணும்.”

“நீங்க ஒரு புடி குடுங்களேன், காய்ச்சிக் குடுக்கறேன்.”

“என்கிட்ட இருந்தது மழையில பூசணம் பூத்துப் போச்சு. எனக்கே உங்க திட்டுலேர்ந்துதான் வரணும். நீங்க பங்குனியில முத்தினதைத்தான் கொண்டாந்து போடறீங்க. சாதா இருமலுக்கு அது போதும். இதுக்குப் போதாது.”

“எல ஆவாதா?”

“எல சளிக்கு. ரத்தத்துக்கு வேருதான்.”

ரங்கம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “வெதை உதிர இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அது வரைக்கும் தாங்குமா?”

மரைக்காயர் உரலைத் தள்ளி வைத்தார். சிங்காரத்தைத் தெருவில் போய் நிழலில் உட்காரச் சொன்னார். அவன் போனபின், “அல்லாவுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், தாங்காது” என்றார். பிறகு, “உங்க மணல்லதானே இருக்கு, போய் ஒரு புடி எடுத்துக்கம்மா, இதுக்கு ஏன் யோசிக்கற?” என்று சொல்லிவிட்டு உரலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். திட்டில் கற்பூரம் ஏற்றிச் சொன்னது அவருக்குத் தெரியாது.

திரும்பும்போதும் கழி அவளிடமே இருந்தது. மரைக்காயர் சொன்னதில் பாதியைச் சொன்னாள். மீதியைச் சிங்காரம் அவள் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டான்.

“வேணாம்டி” என்றான். “நான் போனா ஒரு தோணிதான் போவும். மணலு போனா குப்பமே போவும். அந்த ஆளு, ஒருத்தி ஆரம்பிச்சா போதும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அந்த ஒருத்தி நீயா இருக்கணுமா?”

“நீ பேசாத. பேசினா இருமுது.”

“இருமுறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். எனக்காகத் தோண்டினேன்னு நாளைக்கு எல்லம்மா சொல்ற சொல்லு இருக்குதே, அந்தச் சொல்லுக்கு மருந்து மரைக்காயர்கிட்டயும் இல்ல.”

வீட்டுக்கு வந்து அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ரங்கம்மாள் கோயிலுக்குப் போனாள். உச்சி வெயில். கோயில் என்றால் பனை ஓலை வேய்ந்த சின்ன இடம்தான். உள்ளே கல்லில் மஞ்சள் பூசி, பழைய ஆடிச் சேலையைச் சுற்றியிருந்தார்கள். அவள் வெளியே மணல் சுடச் சுட உட்கார்ந்தாள். எதிரே திட்டு முழுக்கச் செடி பூத்து வெளுத்திருந்தது. கை நீட்டினால் தொடலாம்.

யாருக்கும் தெரியாமல் எடுப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பெண்கள் வலையில் இருக்கிற நேரம் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு பிடி எடுத்தால் போதும். கிளறிய ஈர மணல் வெயிலுக்கு வெளுக்கிற வரைதான் பயம். மருந்து வேண்டும் என்று கேட்டால் பெண்களில் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் சிக்கல். இன்று அவளுக்கு ஒன்று, நாளை இன்னொருத்திக்கு ஒன்று. அந்த இன்னொருத்தியின் பின்னால் பொன்னுரங்கம் நிற்பான். எடுக்காமல் இருந்தால் சிங்காரம் இருக்கமாட்டான். ஒளித்து எடுத்தால் பெண்களுக்குத் தெரியாது, ஆனால் கை நீட்டிச் சத்தியம் செய்தது பெண்களிடம் இல்லையே.

நெடுநேரம் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை ரங்கம்மாள் குறையாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தீர்ந்திருந்தது. எடுக்கத்தான் வேண்டும், ஆனால் கோல் தன் கையில் இருக்கும்போது எடுக்கக் கூடாது.

மறுநாள் காலை பெண்கள் கோயிலருகில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கமும் வந்திருந்தான், கப்பல் கிட்டே வந்துவிட்டது என்று இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வந்தவன். எல்லோரும் இருப்பதைப் பார்த்துத்தான் ரங்கம்மாள் முதல்கோலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கோலை அம்மன் முன்னால் கிடத்தினாள்.

“அவருக்கு வாயில ரத்தம் வருது” என்றாள். “பச்சை வேர வெயிலு காட்டாம நெழல்ல வாட்டி பால்ல குடுத்தாத்தான் நிக்கும்னு மரைக்காயர் சொல்லிட்டாரு. நான் ஒரு புடி எடுக்கப் போறேன். சொன்ன வாக்குத் தப்பறவ கையில கோலு இருக்கக் கூடாது. அதனால கோல அம்மன்கிட்ட போட்டுட்டேன். இனிமே நான் முதல்கோல்காரி இல்ல. நீங்க யாரும் என்னைப் பாத்து எடுக்கக் கூடாது. அவ்ளோதான்.”

யாரும் பதில் சொல்வதற்குமுன் கோயிலுக்கு எதிரிலேயே மண்டியிட்டுவிட்டாள். இரும்பு எதுவும் கொண்டுவரவில்லை. விரலால் மணலைத் தள்ளித் தள்ளி, ஒரு செடியை வேரோடு எடுத்தாள். பின்பு இன்னொன்று. வேர் அறுந்துவிடாமல் எடுக்க விரலுக்கு நேரம் பிடித்தது. விதை இல்லை, தட்டி உதிர்க்க ஒன்றும் இல்லாமல் வெறும் குழியை மூடினாள். அவளுடைய முதுகைப் பார்த்தபடி எல்லோரும் நின்றிருந்தார்கள். கை கொள்கிற அளவு ஆனதும் எழுந்தாள்.

பொன்னுரங்கம் மெள்ளச் சிரித்தான். “அப்புறம் இன்னா? முதல்கோல்காரியே ஆரம்பிச்சிட்டா. ஆவட்டும், ஆவட்டும், பொழுது ஏறுது.”

இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கூடையைக் கீழே வைத்தாள். ஒருத்தியின் கை இடுப்புக் கொசுவத்தைச் செருகிக்கொண்டது. ரங்கம்மாளுக்கு அது தெரிந்தது. வாயைத் திறக்க அவளுக்கு இடமில்லை. வேர்ப் பிடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

எல்லம்மா மீன்கையோடு எழுந்து வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அம்மன் முன்னால் கிடந்த கோலை எடுத்தாள். அவள் எடுத்ததும், போச்சு என்று ரங்கம்மாள் நினைத்தாள்.

எல்லம்மா கோலை மணலில் இறக்கவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு பொன்னுரங்கத்தின் எதிரில் போய் நின்றாள்.

“ஐயாவுக்கு எத்தினி நாளா ரத்தம் வருது?”

“எனக்கா? எனக்கு எதுக்கு ரத்தம் வரணும்?”

“வரலியா? அக்கா எடுத்தது ரத்தம் வரவங்களுக்கு. உங்களுக்கு வந்தா சொல்லுங்க. வீட்டுல அம்மாவுக்கு வந்தாலும் சொல்லுங்க. ஒரு புடி எடுத்துத் தரோம், நெழல்ல காய வெச்சி பால்ல போட்டுக் குடிங்க.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கொசுவத்தைச் செருகியவள் அதை மெதுவாக இறக்கிவிட்டாள்.

“கேலியா?” என்றான் பொன்னுரங்கம். “உங்க வேரு இல்லன்னா வடக்கே ஆயிரம் திட்டு.”

“அங்கயும் ரத்தம் வருதான்னு கேட்டுட்டு எடுங்க” என்றாள் எல்லம்மா. பிறகு பெண்களின் பக்கம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது. “கோலு என் கையில இருக்குது. பாத்துக்கங்க. வெதை உதிராம எவளாவது மணல்ல கைய வெச்சா, அந்தக் கைய நான் ஒடிக்க மாட்டேன். அவ எதுக்கு எடுத்தான்னு அம்மன் முன்னால நிக்க வெச்சி எல்லாருக்கும் முன்னாடி கேப்பேன். அக்கா மாதிரி சொல்ல வாயி இருக்கறவ எடுங்க.”

பொன்னுரங்கம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தோணிக்குப் போனான். தோணி தள்ள அன்றைக்குச் சிங்காரம் இல்லை. எல்லம்மாவின் புருஷன்தான் தள்ளிக்கொண்டு போனான்.

ரங்கம்மாள் எல்லம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தாள். எல்லம்மா பார்க்கவில்லை. “இன்னா நிக்கற? வெயிலு படக் கூடாதாமே. வேர வெச்சிகினு வெயில்லயே நிக்கற. மாமனுக்குப் பொறுமை இருந்தாலும் நோவுக்கு இருக்குமா?” என்றாள்.

மரைக்காயர் சொன்னபடியே எல்லாம் செய்தாள் ரங்கம்மாள். ஆயுசுக்கும் வேரைக் கழுவி, வெயிலில் பரப்பிப் பழகிய கை. இரண்டு முறை தன்னை அறியாமல் தண்ணீர்ப் பானையருகே போய்த் திரும்பியது. துணியால் மணலைத் துடைத்தாள். வீட்டின் இருண்ட மூலையில் ஓலைத் தடுக்கில் வாடப் போட்டாள். மறுநாள் கல்லில் வைத்துத் தட்டி நாரை உருவினாள். பச்சை வேரின் தோல் குழைவாக, வெளிர் மஞ்சளாக வந்தது. பழக்கத்தில் ஒரு துண்டைச் சுண்ணாம்பு தொட்டு உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். வெளிறிய ரோஜா நிறம்தான் எழுந்தது. சாயத்துக்கு இதைக் கொண்டுவந்திருந்தால் அவளே தூக்கி எறிந்திருப்பாள். அதைப் புதுச் சட்டியில் போட்டுக் காய்ச்சினாள்.

ரத்தம் உடனே நிற்கவில்லை. குறைந்தது, இரண்டு நாள் நின்றது, பிறகு ஒருநாள் வந்தது. மாசி பிறந்த பிறகு வரவில்லை. துண்டுத் துணியைக் கூரையில் போட்டுப் பார்ப்பதை அவள் பங்குனி வரை விடவில்லை. இருமல் மட்டும் அவனை விட்டுப் போகவே இல்லை. மருந்தால் நின்றதா, அம்மன் மனது வைத்ததா, வெயில் வந்ததாலா என்று குப்பத்தில் பேச்சு நடந்தது. ரங்கம்மாள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அம்மனுக்கு ஒரு கும்பிடு, மரைக்காயருக்கு ஒரு கூடை இறால் என்று கணக்கை முடித்தாள்.

சிங்காரம் மறுபடி தோணி விட்டான், நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்துகொண்டு. கழியை விட்டுத் துடுப்புக்கு மாறினான். உட்கார்ந்து தோணி தள்ளுகிற ராஜா என்று அவனைக் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகும் அவன் பல வருஷம் இருந்தான்.

பங்குனியில் விதை உதிர்ந்தது. அம்மனுக்குப் பொங்கல் வைத்து, எல்லம்மா முதல்கோல் இறக்கினாள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். ரங்கம்மாள் பழக்கத்தில் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

“அக்கா, கடேசிக்குப் போ” என்றாள் எல்லம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி.

ரங்கம்மாள் கடைசிக்குப் போனாள். அங்கிருந்தே மற்றவர்களைப் போலக் குத்துக்கோலால் எடுத்தாள், தட்டினாள், மூடினாள். நல்ல வேரா என்று கேட்டு யாராவது ஒரு துண்டை நீட்டினால், முறித்துத் தேய்த்துச் சொல்லவும் செய்தாள். கோலை எல்லம்மா திருப்பிக் கொடுக்கவில்லை. ரங்கம்மாளும் கேட்கவில்லை.

ஆனால் அதன்பின் அந்தத் திட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் வீட்டிலாவது ரத்தம் கக்குகிற நோவு வந்தால், பூ நிற்கும்போதே ஒரு பிடி எடுக்கலாம். அம்மன் முன்னால் எல்லோரும் இருக்கும்போது, யாருக்கு என்று சொல்லி, இரும்பு படாமல் கையால் எடுக்க வேண்டும். எடுத்தவள் அந்த வருஷம் வரிசையில் கடைசி. நோவுப்பிடி என்று அதற்குப் பேர் வந்தது. அக்கரையிலிருந்து மரைக்காயரே இரண்டொரு முறை ஆள் அனுப்பி, இன்னாருக்கு என்று சொல்லி வாங்கிப் போனார்.

கோயிலுக்கு எதிரில் ரங்கம்மாள் தோண்டிய இடம் அடுத்த வருஷம் மொட்டையாகவே கிடந்தது. அதற்கடுத்த வருஷம் ஓரத்திலிருந்து செடி உள்ளே வந்தது. பங்குனிதோறும் தன் பங்குச் செடிகளில் சிலவற்றை அவள் அங்கே கொண்டுவந்து தட்டுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

நோவுப்பிடி எடுத்த அந்த வருஷம் ஆடி மாதம் அம்மனுக்குச் சேலை சாத்த வேண்டியிருந்தது. பழுத்த வேர்க்கட்டு அவளிடம் இல்லை. அதைத்தான் அவள் சிங்காரத்துக்குக் காய்ச்சிக் கொடுத்து வீணாக்கியிருந்தாள். மற்ற வீடுகளில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பங்குனியில் எடுத்த புது வேரை வைத்தே கடுக்காயும் படிகாரமும் கூட்டிச் சாயம் போட்டாள். எவ்வளவு பாடுபட்டும் அது பழைய சிவப்பாக வரவில்லை. கோயிலில் கல்லுக்குச் சுற்றியபோது விடிகாலை வானம் போல வெளிறித் தெரிந்தது.

சிங்காரம் தோளில் துண்டோடு ஓரமாக நின்று பார்த்தான். “அம்மனே வெளுத்துட்டா. எல்லாம் என்னாலதான்” என்றான், பாதி இருமலோடு.

எல்லம்மா தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“வெளுத்தா இன்னா மாமா, வருஷா வருஷம் செவப்பே கட்டிகினு அவளுக்குந்தான் அலுத்துப் போச்சு” என்று சொல்லிவிட்டு, தாம்பாளத்தைத் தூக்கினாள்.

வரிசையின் கடைசியிலிருந்த ரங்கம்மாள் கை கூப்பினாள். உள்ளங்கைகள் ஒட்டியதால் சிவப்பு யாருக்கும் தெரியவில்லை.